முதுகோடு முதுகாகப் படுத்த நாட்கள்

இன்று காலை சாமை குத்தினோம். முறத்தில் புடைக்கும்போது காற்று திரும்பி, உமி முழுவதும் என் முகத்தில் வந்து விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், அக்கா, உன் நினைவுதான் வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வேலையெல்லாம் முடிந்த பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும். "எழுதத் தெரிஞ்சவ வூட்டுக்கு வந்திருக்கா, பாத்துப் பேசணும்" என்று நான் வந்த புதிதில் நீ யாரிடமோ சொன்னாயாம். அது என் காதுக்கு வந்தது. அன்றைக்கே நமக்குள் சந்தேகம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் இளையவர் மனைவியாக இந்த வீட்டுக்கு வந்தபோது, மூத்தவர் மனைவியான நீ ஏற்கனவே பல வருஷம் இங்கே வாழ்ந்திருந்தாய். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அடுப்பு. வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கும் மேட்டுக்காடும் ஒரு கிணறும்தான் எல்லாருக்கும் சோறு. உனக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது, இன்னொன்று பிறந்த சில நாளில் போனது. இதை நீ என்னிடம் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த பெண்கள் பந்தியில் உட்கார்ந்தபடியே சொன்னார்கள்.

எனக்கு வந்த வருஷமே வயிற்றில் தங்கியது. சேதி கேட்டதும் என் அம்மா ஓர் இலவம்பஞ்சுத் தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு பாப்பாரப்பட்டியிலிருந்து நடந்தே வந்தாள். என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உன் ஓரகத்தி கையால ஒண்ணும் வாங்காத. ரெண்டு போயிருக்குது அவளுக்கு. நல்லவளாவே இருக்கட்டும், வவுறு எரியாம இருக்குமா?"

நான் தலையை ஆட்டினேன். அதுவரை உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஆறாம் மாதத்தில் அந்த வலி வந்தது. வலது பிட்டத்துக்குள் யாரோ ஆணி வைத்து அழுத்துவது போலத் தொடங்கி, பின்தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்கால்வரை சுரீரென்று இழுக்கும். எந்திரக்கல்லில் ராகி அரைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. படுத்தால் இன்னும் மோசம். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து இடுப்பை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். தரையில் பாய் விரித்தால் எலும்பு உறுத்தும். புரண்டு படுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அத்தை நம்பவில்லை. மருமகள் நடிக்கிறாள் என்பது அவள் முடிவு. "கெணத்துக்குப் போறப்ப நல்லாத்தான் நடக்குறா. எந்திரக்கல்லப் பாத்தாத்தான் கால் இழுக்குது. நாங்கல்லாம் புள்ள பெக்கலியா?" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவரும் அதற்குப் பிறகு என் நடையை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வலிக்கிறது என்று சொல்வதையே நான் நிறுத்திவிட்டேன்.

நீ மட்டும் கேட்டாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க ஆரம்பிக்குது? முட்டிக்குக் கீழயும் வருதா? எந்தப் பக்கம் படுத்தா கொறையுது?"

ஒரு தடவை கேட்டால் அக்கறை. நீ தினமும் கேட்டாய். நான் பதில் சொல்லும்போது உன் உதடு லேசாக அசையும், பாடத்தை மனப்பாடம் செய்வது போல. என் வலியை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குள் ஓடும்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் கண் விழித்தால், நீ என்மேல் குனிந்து நின்று என் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாய். "மல்லாந்து படுக்காத. ஒருக்களிச்சுப் படு" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே போய்விட்டாய். நீ எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாய் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

அந்த வாரமே என் தலையணை காணாமல் போனது. தேடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இருந்த இடத்திலேயே இருந்தது. உறையில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் தலைமுடி கிடைத்தால் போதும், எது வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்த உறையில் என் முடி இல்லாமலா இருந்திருக்கும்?

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் நீ வழக்கப்படி மாட்டுக் கொட்டாயில் ஒதுங்கியிருப்பாய். அந்த மாதமும் ஒதுங்கினாய். ஆனால் நீ ஓடையில் துணி அலசியதை நான் பார்க்கவில்லை. துவைக்கும் கல்லில் ஈரம் இல்லை. வேலியில் எதுவும் காயவில்லை. தூரமாகாதவள் தூரம் என்று பொய் சொல்லிவிட்டுக் கொட்டாயில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாள்? இன்று யோசித்தால் இதற்கு ஒரே விடைதான் தோன்ற வேண்டும். அன்று எனக்குத் தோன்றவில்லை. செய்வினை, வைப்பு என்றுதான் புத்தி ஓடியது.

கொட்டாயிலிருந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த அன்று, நீ ஒரு சின்ன மூட்டையை என் மடியில் வைத்தாய். பழைய சேலைத் துணியில் சாமை உமியை அடைத்துத் தைத்திருந்தாய்.

"இத ரெண்டு முட்டிக்கும் நடுவுல வெச்சிக்க. வலிக்காத பக்கமாப் படு. மேல்கால் தொங்கக் கூடாது, தொங்குனா இடுப்ப இழுக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியுங்க?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாய். அவ்வளவுதான்.

நீ காட்டுக்குப் போனதும் அரிவாள் முனையால் தையலைப் பிரித்தேன். முறத்தில் உமியைக் கொட்டி விரலால் துழாவினேன். தகடு இல்லை, எலும்பு இல்லை, முடிச்சு இல்லை. உமியும் நாலைந்து காய்ந்த வேப்பிலையும்தான். வேப்பிலை பூச்சிக்காகப் போடுவது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேப்பிலை எதற்கு என்று நினைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப அடைத்துத் தைத்து மூலையில் போட்டேன். பிறகு பல நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மூட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.

அடுத்த மாதமும் நீ கொட்டாயில் ஒதுங்கினாய். அன்று அத்தை இண்டூருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தாள். ஆண்கள் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் காலை இழுத்துக்கொண்டு நான் கொட்டாய்க்கு வந்தேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன், அக்கா.

மாடுகள் இல்லாத கொட்டாயில், காய்ந்த ராகித் தாளைக் கனமாகப் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்து, நீ வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாய். முட்டிகளுக்கு நடுவில் எனக்குக் கொடுத்தது போலவே ஓர் உமி மூட்டை. இடது இடுப்பின்மேல் வறுத்த உப்பைக் கட்டிய துணி முடிச்சு. கொசுவத்தைத் தளர்த்தி விட்டிருந்தாய். உன் வயிறு என் வயிற்றைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக இருந்தது.

நீ எழுந்திருக்கவில்லை. உன்னால் முடியவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றாய். கெஞ்சவில்லை. கதவைச் சாத்து என்பது போலத்தான் சொன்னாய்.

"எத்தன மாசங்க?"

"அஞ்சு முடியப் போவுது."

"அத்தைக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும், வாயத் தொறக்க மாட்டாரு. அப்புறம் இந்த மாடுங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னாய். "போன ரெண்டு தடவையும் ஊரே வந்து பாத்துட்டு, தொட்டுட்டுப் போச்சு. இந்தத் தடவ முடிஞ்ச மட்டும் மறைக்கிறதுன்னு இருக்கேன். தூரம்னு சொன்னாத்தான் இந்த வூட்டுல மூணு நாள் காலை நீட்டிப் படுக்க வுடுவாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உன் கண்ணுக்குத்தான் மொதல்ல பயந்தேன்" என்றாய். "ஒரே வூட்டுல ரெண்டு வவுறு ஆவாதுன்னு சொல்வாங்க. ஒண்ணு நின்னா ஒண்ணு நிக்காதாம். அத நம்பி நீ எதாச்சும் செஞ்சிட்டா?"

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நான் உங்க மூட்டையப் பிரிச்சிப் பாத்தேங்க" என்றேன்.

"தெரியும். நான் போட்டது குறுக்குத் தையலு. நீ பிரிப்பியான்னு பாக்கத்தான் அப்படித் தெச்சேன்."

பிறகு மற்றதெல்லாம் வந்தது. உனக்கு நாலாம் மாதமே இடதுகால் இழுக்கத் தொடங்கிவிட்டது. வெளியே சொல்ல வழியில்லை. என்னைக் கேட்டுக் கேட்டு, நான் சொன்னதை உன் உடம்பில் செய்து பார்த்திருக்கிறாய். உன் வலிக்குக் கேட்டதை எனக்கும் சொல்லியிருக்கிறாய். தலையணையை எடுத்துப்போனதும் அதற்காகத்தான். "பஞ்சு அமுங்கிப் போவுது. உமிதான் நிக்குது" என்றாய், அதுதான் முக்கியமான செய்தி என்பது போல.

நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த என் கால் அப்போது விட்டுப்போனது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"படு" என்று சாக்கில் இடம் விட்டாய்.

எனக்கு வலது கால், உனக்கு இடது கால். வலிக்காத பக்கமாகப் படுக்க வேண்டும் என்றால் நான் இடப்பக்கம், நீ வலப்பக்கம். ஒரே சாக்கில் அப்படிப் படுத்தால் முதுகும் முதுகும்தான் ஒட்டும். உன் முதுகு சுடச்சுட இருந்தது. உன் உப்பு முடிச்சை என் பக்கம் தள்ளினாய். உமி மூட்டையையும் கொடுத்துவிட்டு, தாளைச் சுருட்டி உன் முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டாய். சாய்ந்துகொள்ள ஒரு முதுகு இருந்ததால் இடுப்பு எந்தப் பக்கமும் சரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆணி கழன்றது. அத்தனை நாளில் அன்றுதான் உருப்படியாகத் தூங்கினேன். தூங்குவதற்கு முன் ஒன்று நினைத்தேன்: இவள் எழுந்து என்னை ஏதாவது செய்ய வந்தால் முதுகில் தெரிந்துவிடும். நீயும் அதையே நினைத்ததாகப் பல வருஷம் கழித்துச் சொன்னாய்.

அன்றிலிருந்துதான் உன்னை நீ என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அதன் பிறகு வேலை ஓய்ந்த மத்தியானங்களில் கொட்டாயில் படுத்தோம். திரும்பிப் படுக்கும்போது இடுப்பை மட்டும் முறுக்காமல் தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்ட வேண்டும் என்று நீ கண்டுபிடித்தாய். எழுந்திருக்கும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுந்தால் சுரீர் குறையும் என்று நான் கண்டுபிடித்தேன். கயிற்றுக் கட்டிலை இருவரும் கைவிட்டோம். அத்தை நம்மை நோட்டம் விட்டாள். "ரெண்டு பேரும் கொட்டாயில குசுகுசுன்னு பேசுறாளுங்க. பாகம் பிரிக்கப் பாக்குறாளுங்க" என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. உன் வயிறு மறைக்க முடியாமல் போன நாளில் அத்தை உன்னை மேலும் கீழும் பார்த்தாள். எந்திரக்கல்லைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ராகியை அரைக்க ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் மாதம் நான் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். வண்டியில் தாளைப் பரப்பி, முதுகுக்கு ஒரு மூட்டை, முட்டிக்கு ஒரு மூட்டை வைத்தது நீதான். வழியெல்லாம் ஒருக்களித்தே போனேன். அம்மா மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "யாரு குடுத்தது?" என்றாள். "நானே தெச்சேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பையன் பிறந்தான். அடுத்த இரண்டு மாதத்தில் உனக்குப் பெண் பிறந்தாள், தங்கினாள் என்று சேதி வந்தது. மாதம்மா.

பிள்ளையோடு நான் திரும்பி வந்த அன்று வாசலில் எதிரே வந்தாய். என்னைப் பார்த்ததும் உன் கை தானாக முந்தானையை இழுத்து மாதம்மாவின் முகத்தை மூடியது. என் கையும் அதற்குள் என் பையனின் முகத்தை மூடிவிட்டிருந்தது. இருவரும் அப்படியே நின்றோம். முதலில் சிரித்தது நீதான். ஆனால் முந்தானையை உடனே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அப்படியேதான் சேர்ந்து வாழ்ந்தோம். உலகச் சண்டைக் காலத்தில் தானியம் கிடைக்காதபோது ஒரே சட்டியில் களி கிண்டி, யார் பிள்ளைக்கு யார் அதிகம் போடுகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஊட்டினோம். யாரும் அதிகம் போட்டதில்லை.

உனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது உன் அண்ணன் வந்திருந்தார். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "புள்ளய நான் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்க வூட்டுல வளரட்டும்" என்றார் அவர். நீ தலையை அசைத்து மறுத்தாய். கண்ணால் என்னைக் காட்டினாய்.

"இவகிட்டயே இருக்கட்டும்."

"ஓரகத்திகிட்டயா?" என்றார் அவர், நான் அங்கேயே நிற்பதை மறந்து.

"இவ யாரையும் நம்ப மாட்டா" என்றாய். "எம்பொண்ணுக்கு அது போதும்."

அன்று அது எனக்குச் சுருக்கென்று பட்டது. கூடியிருந்த பெண்களுக்கும் அது பாராட்டாகக் கேட்கவில்லை. இப்போது கிணற்றடியில் அவர்கள் மாதம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்னம்மா உனக்கு என்ன போட்டா? அவ பையனுக்கு என்ன போட்டா?" என்று கேட்கிறார்களாம். அவளே வந்து என்னிடம் சொல்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. கேட்கட்டும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன், நீயும் கேட்பாய்.

போன வாரம் உன் அண்ணன் வீட்டிலிருந்து கடலை உருண்டை வந்தது. கொண்டு வந்தவள் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒன்றை எடுத்து ஓரத்தில் கடித்து மென்று, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாதம்மா கையில் கொடுத்தேன்.

"சின்னம்மா, எதக் குடுத்தாலும் நீ கடிச்சிட்டுத்தான் தர்ற" என்று சிணுங்கினாள்.

"ஆமா" என்றேன். "தின்னு."