எட்டுப் பக்கமும் இரண்டு விரலும்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் கை நலமாகத்தான் இருக்கிறது, எட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது. படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

உங்கள் தம்பிக்கு விபத்து எப்படி நடந்தது என்று எனக்கே விளக்குகிறீர்கள்! அவன் கைக்கட்டைப் பிரித்துக் கட்டுகிறவள் நான். "எச்சரிக்கை எழுதித்தானே வைத்தேன், என்மேல் என்ன தப்பு" என்று நாலு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

எழுதினீர்கள், யார் இல்லையென்றது? சலவை ஆலையில் துணி பிழியும் இயந்திரத்தின்மேல் நீங்கள் வெளிநாடு கிளம்பும் முன் ஒட்டிய தாளை நேற்று நேரிலேயே போய்ப் பார்த்தேன். அன்பார்ந்த சக ஊழியர்களே என்று தொடங்கி, உழைப்பின் பெருமையைப் பேசி, நிர்வாகத்துக்கு நன்றியும் சொல்லியிருந்தீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் டிரம் சுற்றும், கையை விடாதீர்கள் என்பது கடைசி வரியில், மூடியைத் திறந்தால் மறைந்துபோகிற இடத்தில். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன், ஈரத் துணி காத்துக்கிடக்கும்போது உங்கள் பிரசங்கத்தையா படித்துக்கொண்டிருப்பான்? சுவிட்சை அணைத்தான், கையை விட்டான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

மேற்பார்வையாளர் வேறு, "நல்லாத்தாம்மா எழுதியிருக்காரு, யாருமே கடைசி வரைக்கும் படிக்கல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். மூடியின்மேலேயே சிவப்புப் பெயிண்டில் எழுத வைத்தேன்: டிரம் நிற்கட்டும், பிறகு கை.

என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவே, பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வயிறு எரிகிறது.

தம்பி யாரோடும் பேசுவதில்லை. இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகுகிறான். கீழே விழுந்தால் என்னை எடுக்க விடுவதில்லை. உங்கள் கடிதத்தைக் கண்டதும்தான் நிமிர்ந்து பார்த்து, "அண்ணன் வர்றாரா, அண்ணி?" என்று கேட்டான். எட்டுப் பக்கத்தையும் புரட்டினேன். அங்கே அடிக்கிற குளிர் இருந்தது, உங்கள் பதவி உயர்வு இருந்தது, விதியைப் பற்றியே ஒரு முழுப் பக்கம். வருவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் எங்கேயும் இல்லை. "இருப்பா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். இன்னும் படித்துக்கொண்டிருப்பதுபோல் நடிக்கிறேன்.

பாருங்கள், கோபம் வந்தால் நீட்டி எழுதும் உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொள்கிறது. விளக்கம் வேண்டாம். மன்னிப்பைக்கூட நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல் எழுதி, உறையில் அவன் பெயரைப் போட்டு அனுப்புங்கள். அவனே பிரிக்கட்டும். உறையை லேசாக ஒட்டுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி