ஏணியில் பட்ட ஒலி

அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டியில், ஒலியை அனுப்பி மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் பொருத்தினேன். அது பாதித் தண்ணீர் காட்டியது, குழாய்களோ வறண்டுவிட்டன. மோட்டார் பார்க்கும் அசோகன், "தொட்டி காலி சார், ஏறிப் பாருங்க" என்றார். அவருக்கு உங்கள் வயது. நான் ஏறவில்லை. "நீதான் வால்வை மூடிட்டு மறந்துட்டே" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

பிறகுதான் ஏறினேன். சென்சாரின் ஒலி தண்ணீர் வரை போகாமல், உள்ளிருந்த ஏணிப்படியில் பட்டுத் திரும்பியிருக்கிறது. ஏணியை விட்டுத் தள்ளி வைக்காதது என் தப்பு. மாற்றி வைத்ததும் மோட்டார் தானாக ஓடியது. "தண்ணி வந்துடுச்சில்ல, விடுங்க சார்" என்றார் அசோகன். குடியிருப்பவர்கள் இன்னும் அவரைத்தான் ஏசுகிறார்கள்.

அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு நீங்களே கூப்பிடுங்கள், எப்போதானாலும் எடுப்பேன்.

இதைத் தபாலில் போட்டதும் அந்த அடுக்ககத்துக்குத்தான் போகிறேன். அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

கவியரசன்