நீங்கள் ஒத்துக்கொண்ட அடி

தேயிலைத் தோட்டத்து லய வரிசையிலிருந்து புது வீட்டுக்குச் சாமான் கட்டும்போது தகரப்பெட்டியின் அடியில் உங்கள் பெல்ட் கிடைத்தது. பக்கிளை நீங்களே கழற்றிப் போட்ட பெல்ட். தோல் வாசத்தோடு தேங்காய் எண்ணெய் வாசமும் இன்னும் இருக்கிறது. மூக்கில் வைத்துக்கொண்டு நின்றதை நம் பேத்தி பார்த்துவிட்டாள்.

"அதத் தூக்கி அடுப்புல போடுங்க அம்மாயி. பொண்டாட்டிய அடிச்ச பெல்ட்ட போயி..." என்றாள். ராகலையில் டீச்சராக இருக்கிறாள், நம் வம்சத்தில் முதல் டீச்சர். அவளைப் பற்றிப் பேசினாலே எனக்குத் தலை நிமிரும். புதுச் சுவரில் எல்லார் படத்தையும் மாட்டினாள். உங்கள் படத்தை மட்டும் மாட்டவில்லை.

அந்த அடியை முதலில் கேட்டவள் நான் அல்லவா? நமக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. நீங்கள் பயந்துபோய் இரண்டு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு பேசி ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். வீட்டில் நாம் இருவர் மட்டும் இருக்கும் ஞாயிறுகளில்தான். குடித்த நாளில் இல்லை, சண்டை போட்ட நாளில் இல்லை. "கோவத்துல ஓங்குற கை வேற புள்ள" என்பீர்கள். தொடங்குமுன் "சரியா?" என்று கேட்பீர்கள். நான் தலையாட்டினால் விடமாட்டீர்கள், "வாயத் தொறந்து சொல்லு." முதுகின் மேல்பக்கம் மட்டும், நிறுத்தி நிறுத்தி, பத்துக்கு மேல் போகாமல். அப்படித்தான் எனக்குப் பிடிக்கும். என் கையில் ஒரு சொம்பு இருக்கும். அதைப் போட்டால் நிறுத்திவிட வேண்டும். லயத்தில் கத்த முடியுமா? சொம்பு விழுந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். முடிந்ததும் எண்ணெய் தடவி, இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி தருவீர்கள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பீர்கள்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்காது என்று மழை நாளாகப் பார்ப்போம். ஒரு ஞாயிறு தகரக் கூரையில் கொட்டிய மழையில் சொம்பு விழுந்தது உங்களுக்கே கேட்கவில்லை. நான் கையைப் பின்னால் கொண்டுபோக, அடி முழங்கையில் விழுந்தது. "கேக்கலயே புள்ள, கேக்கலயே" என்று என்னைவிட நீங்கள்தான் அழுதீர்கள்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா என் கையைப் பிடித்தாள். "என்னாடி இது? ஓம் புருசன் பூனை மாதிரி இருந்துக்கிட்டு இந்த வேலையா பாக்குறாரு?" நான் கையை உருவிக்கொண்டு கூடையைத் தராசில் வைத்தேன். அன்று மாலையே தோட்டத் தலைவர் நம் இருவரையும் கோயிலுக்குக் கூப்பிட்டார்.

"அடிச்சியாப்பா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் முந்தானையைப் பார்த்தேன். நான் கேட்டுத்தான் என்று சொல்லியிருந்தால் லயமே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

"அடிச்சேங்க" என்றீர்கள்.

இனி கை ஓங்கமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தீர்கள். அதோடு அந்த ஞாயிறுகள் முடிந்தன. ஒரே ஒருமுறை கேட்டபோது, "மாரியாத்தா முன்னால சொல்லிட்டேன் புள்ள" என்றீர்கள். என்மேல் ஒரு கோபம்கூடக் காட்டவில்லை. சாகும்வரை லயத்தில் உங்கள் பெயர் பெல்ட்டுக்காரர்.

நேற்று பேத்தியை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கூச்சத்தில் பாதி விழுங்கி, மீதியைச் சொன்னேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"அடி வாங்குற எல்லாரும் இப்புடித்தான் அம்மாயி சொல்றாங்க. எங்கிட்ட மறைக்க வேணாம்."

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? சொல்ல வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டவள் நான். இப்போது உண்மையைச் சொன்னாலும் அது அடிபட்டவளின் சமாளிப்பாகத்தான் கேட்கிறது. என் மானத்தைக் காக்க உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பாரம் சாகும்வரை எனக்குத்தான்.

செல்லம்மா இன்னும் இருக்கிறாள். பல் போனாலும் வாய் போகவில்லை. நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். சொன்னால் சிரிப்பாள், விடிவதற்குள் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடுவாள்.

பரப்பட்டும்.