வெயில் காலத்திலேயே வருகிறோம்

கற்பிட்டி
24.05.2013

அன்பு மகன் அஸ்ஜத், அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் அலீமாவும் அல்லாஹ்வின் காவலில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். இங்கே நானும் வாப்பாவும் உன் தங்கச்சி நிஸ்ரினும் உயிரோடு இருக்கிறோம், மற்றப்படி சுகம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. போனில் ஏன் முகத்தைக் காட்டாமல் கதைக்கிறீர்கள் என்று நீ பல தடவை கேட்டாய், கமரா பழுது என்றேன், அது பொய். என் இடது கையில் தோளிலிருந்து முழங்கை வரை தையல் போட்ட காயம். நிஸ்ரின் எந்நேரமும் என் பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் கேட்க இந்தக் கதையைப் போனில் சொல்ல முடியாது, அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி றஸீன் கையில் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன். முழுவதையும் வாசித்து முடிக்குமுன் யாருக்கும் போன் எடுக்காதே.

ஓமானுக்கு எந்த மாதம் வருகிறீர்கள் என்று நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை நல்லது, பாலைவனத்தில் பகலில் நடக்கலாம், இரவில் போர்வை வேண்டும் என்றாய். மார்ச் கடைசியில் வந்தால் பச்சை மலையில் ரோசா பூத்திருக்கும், ஊர் முழுக்கப் பன்னீர் காய்ச்சுகிற வாசம் என்றாய். ஜூன் ஜூலையில் மட்டும் வந்துவிடாதீர்கள், நானிருக்கிற நிஸ்வாவில் காற்றே அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல இருக்கும், கார்க் கதவைத் தொட்டால் கை வெந்துவிடும் என்றாய். வாப்பாவுக்கு இது எதுவும் ஏறவில்லை. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நம் பக்கத்துக் கடல் நல்ல கடல், அதை விட்டுவிட்டு மலை பார்க்கப் போவதா, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் போட் கரையில் சும்மாதானே கிடக்கும், அப்போது போவோம், மன்னாரில் நான் பார்க்காத வெயிலா என்று நின்றார். எனக்கு ரோசாதான் வேண்டும் என்று நானும் விடவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார், வருகிற மார்ச் என்று முடிவெடுத்தோம், புத்தளம் பஸாரில் கம்பளிச் சட்டைகூடப் பார்த்து வைத்தேன்.

நிஸ்ரினும் வர ஆசைப்பட்டாள். அஸ்ஜத் நானாவைப் பார்க்க வேண்டும், அந்த மலையில் ஏற வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பாலாவிக்கு, அவள் வீட்டுக்குப் போனாள். அங்கே மாப்பிள்ளை நஸீமிடம் உத்தரவு கேட்டிருக்கிறாள். அவன் சோற்றுக் கோப்பையை அவள் முகத்தில் எறிந்துவிட்டு, ஒனக்கு வெளிநாடு கேக்குதோ, அங்க எவன் காத்துக்கிட்டு இருக்கான் என்று மோட்டார் சைக்கிள் சங்கிலியால் அடித்திருக்கிறான். நீ கூப்பிட்டதால் வந்தது இது என்று நினைத்துவிடாதே மகன். அதற்கு முன்னும் உப்புக் கூடியதற்கு அடித்தான், போன் எடுத்ததற்கு அடித்தான், கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அவன் கைதான். ஏப்ரல் கடைசியில் ஒரு பகல் பொழுதில் செருப்பில்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். உதடு கிழிந்து, வலது கை விரல் இரண்டு வேறு பக்கம் திரும்பி, காதிலிருந்து வந்த இரத்தம் முக்காட்டில் காய்ந்து போயிருந்தது. உம்மா, நான் இனி அங்க போகமாட்டன் என்று மட்டும் சொன்னாள். போகத் தேவையில்லை புள்ள என்று நானும் சொன்னேன். அப்போது வாப்பா மன்னாரில் நம் பழைய காணியில் பற்றை வெட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறில் புலிகள் நம்மை விரட்டியபோது விட்டுவந்த காணி, சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் முள்ளுக்காடாகவே கிடக்கிறது, அங்கே போன் சரியாக எடுக்காது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்து இரண்டு மூன்று நாள் இருக்கும், பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் நஸீம் வந்தான். தகரப் படலையை உதைத்து விழுத்திக்கொண்டு வந்தான், கடையில் வெங்காயச் சாக்குக் கிழிக்கிற கத்தி கையில். என்னைத் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றவளைத் தலைமயிரில் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன், கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தான். வலி தெரியவில்லை மகன், சுடுதண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது, பார்த்தால் சதை பிளந்து கிடக்கிறது. சுவரில் சாத்தியிருந்த துடுப்பை மற்றக் கையால் எடுத்தேன். உன் உம்மா ஒரு கோழி அறுப்பதைக்கூட நின்று பார்த்தவள் இல்லை. முதல் அடி அவன் முதுகில், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அடுத்த அடி முழங்காலில், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தும் அவன் அவள் மயிரை விடவில்லை, கத்தியை அவள் கழுத்துக்குக் கொண்டுபோனான். அப்போதுதான் நிஸ்ரின் அந்தக் கையைக் கடித்தாள். கத்தி கீழே விழுந்த பிறகும் அவள் பல்லை எடுக்கவில்லை, அவள் வாயெல்லாம் இரத்தம்.

என் கத்தல் கேட்டு, கரைவலை இழுத்துக்கொண்டிருந்த வாப்பாவின் கடல் கூட்டாளி அன்ரனிப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் ஓடி வந்தார்கள். நிஸ்ரினின் கோலத்தைக் கண்டதும் அவன் மேல் பாய்ந்தார்கள். அவனைக் கடற்கரைக்கு இழுத்துப்போய் அடித்தார்கள், கையால், காலால், கட்டையால். முதலில் ஏசினான், பிறகு மன்னிப்புக் கேட்டான், பிறகு அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. நிறுத்துங்கள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. சொல்ல மனம் இல்லாமல்தான் நின்றேன், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். நிஸ்ரின்தான் நொண்டி நொண்டிப் போய் நடுவில் நின்றாள். போதும் அங்கிள், இவன் மௌத்தானா நான் காலமெல்லாம் இவன்ட விதவை, எனக்கு இவன்ட பேரே வேணாம், விடுங்க என்றாள். அன்ரனிப்பிள்ளை கட்டையைப் போட்டுவிட்டு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவன் சாகவில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பொலிஸில் எங்கள் முறைப்பாடும் இருக்கிறது, அவர்கள் முறைப்பாடும் இருக்கிறது. ஆனால் அவன் தம்பிமார் பொலிஸுக்குக் காத்திருக்கவில்லை. வாப்பா மன்னாரிலிருந்து அடித்துப்பிடித்து வந்த மறுநாள் விடியும்போது, கரையேற்றி வைத்திருந்த நம் போட்டைக் கோடரியால் கொத்தி எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். வாப்பா மண் அள்ளி அள்ளி எறிந்தார், பைபர் போட் அணையுமா, கறுப்பாக உருகி ஓடியது. அடுத்தது அவட மூஞ்சிக்கு அசிட் என்று படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாப்பா வீட்டுக் கோடரியை எடுத்துக்கொண்டு பாலாவிக்கு வெளிக்கிட்டார். நான் குறுக்கே நின்றேன். என்னை வெட்டிட்டுப் போங்க, நீங்க மறியல்ல கம்பி எண்ணப் போனா இந்தப் புள்ளைய ஆர் பாக்கிறது என்றேன். என் தோளில் தலையை வைத்து அழுதார் மகன். அவர் அழுததை நான் தொண்ணூறிலும் பார்க்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ரோசாவும் வேணாம் குளிரும் வேணாம், நோன்புக்கு முந்திப் புள்ளயக் கூட்டிக்கிட்டு நீ போ என்றார்.

ஆகவே நாங்கள் ஜூனில் வருகிறோம், நீ வரவேண்டாம் என்று சொன்ன அதே மாதத்தில். நிஸ்ரினுக்கும் கொழும்பில் பாஸ்போட் எடுத்தாயிற்று, விசாவை நீ சுறுக்காகப் பார். அவள் வெளியே போகத் தடை ஒன்றும் இல்லை என்று சட்டத்தரணி அம்மா சொன்னார், பிரிவுக்கான வேலையைக் காதி நீதிமன்றத்தில் வாப்பா தொடங்குகிறார், அவர் வழக்குக்கு இங்கேயே நிற்பார், நான் அவளை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கீழே எரிந்தாலும் மலைக்கு மேலே ஜூனிலும் காற்று இதமாக இருக்கும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அவளை அங்கே கூட்டிக்கொண்டு போ. விசா முடிந்தால் என்ன செய்வது என்பதை அங்கே வந்து யோசிப்போம், இங்கே இருந்து யோசிக்க முடியவில்லை.

கோபத்தில் பிளேன் ஏறி மட்டும் வந்துவிடாதே. உன் உம்மாவின் கையில் இருக்கிற இரத்தம் இந்தக் குடும்பத்துக்குப் போதும். அலீமாவிடம் எல்லாவற்றையும் சொல், அவளுடைய நல்ல மனம் எனக்குத் தெரியும். பாங்கு கேட்டால் வேலையை விட்டு எழும்பு, வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, வாகனத்தை மெல்ல ஓட்டு. அல்லாஹ் உனக்கும் உன் வீட்டுக்கும் பரக்கத் செய்வானாக, உங்கள் கதவைத் தட்டி வருகிற உன் தங்கச்சிக்கு அங்கே நித்திரையைத் தருவானாக. ஒன்றை மறந்துவிடாதே மகன். எயார்போட்டில் எங்களைக் கண்டதும் சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டாதே, ஓடிவந்து அவள் தலையைத் தடவாதே. ஆம்பிளைக் கை உயர்ந்தால் அவள் இப்போது முகத்தை மூடிக்கொண்டு குந்திவிடுகிறாள், வாப்பா தொப்பி எடுக்கக் கை தூக்கினாலும் அப்படித்தான். கையைக் கீழே வைத்துக்கொண்டு, தூரத்திலேயே நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு. அவளாக உன்னிடம் வருவாள்.

உன் உம்மா
சுல்பா