ஒரு பாக்கெட் காப்பிக்கு ஆறு நிமிஷம்

என் டாக்டர் மகளுக்கு,

நம் ரூசே ஊரில், நீ வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறேன். பதறாதே. நாளைக் காலையில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் அடைப்பு பார்க்கப் போகிறார்களாம்.

அதற்குச் சம்மதப் படிவம் நீட்டினார்கள். நான் என்றைக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? "எங்க போடணும்னு காட்டும்மா" என்றேன். நர்ஸ் ஸ்தோயன்கா, "இப்பல்லாம் என்ன செய்வாங்கன்னு விளக்கற வீடியோ பார்த்தாத்தான் கையெழுத்து, பெரியவரே" என்று டேப்லெட்டைக் கையில் திணித்தாள்.

திரையில் நீ! நீ பல்கேரியாவை விட்டு ஜெர்மனிக்குப் போகுமுன் எடுத்திருப்பார்கள். வெள்ளைக் கோட்டுக்குள்ளே அம்மா பின்னிய பழுப்பு ஸ்வெட்டர். "மருந்து ஏறும்போது உடம்பு கொஞ்சம் சூடாகும், பயப்படாதீங்க" என்கிறாய். ஆறு நிமிஷம். நீ என்னிடம் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நாலு வருஷமாகிறது.

புரியவில்லை என்றேன். மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை முறைத்தாள். டாக்டருக்கென்று வைத்திருந்த காப்பி பாக்கெட்டை அவள் பைக்குள் போட்டேன்.

"இதைக் குடுத்து எல்லாரும் வலிக்காத ஊசி கேப்பாங்க. நீங்க வீடியோ கேக்கறீங்க! மண்டையில ஏறவே இல்லையா?"

"மரமண்டைம்மா" என்றேன்.

உன் அப்பா என்று சொல்லிக்கொள்ளவில்லை. நீ பஸ் ஏறிய அன்று வழியனுப்ப வராமல், ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன் எந்த முகத்தோடு சொல்வது?

கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசியில், "ஏதாவது கேக்கணுமா? தயங்காம கேளுங்க" என்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஜெர்மனி பஸ் இப்போதும் வெள்ளிக்கிழமைதான் வருகிறதா? இந்தத் தடவை நான் வந்து நிற்பேன்.

உன் அப்பா