நாணற்கழி வழக்கில் தூணேற வேண்டிய பெயர்

வெண்தாழை நகரும் ஏழு கழிமுகமும் தம் குடைக்கீழ்க் குளிர, அலை ஓயினும் அறம் ஓயாது ஆண்டருளும் பேரரசி எழில்நங்கை மாதேவியார் திருமுன்புக்கு, அறமன்றத்து வழக்குநாயகர் அடைக்கலங்காத்தான் பணிந்து விடுக்கும் ஓலை. மாதேவியாரும் அவர்தம் நாட்டு நீரும் நெல்லும் மீனும் நலமே பெறுக.

நாணற்கழி வழக்கை வென்றவராக மன்றத் தூணில் எவர் பெயரை வெட்டுவது, ஏட்டில் ஒரு பெயரும் குடிகள் வாயில் வேறொரு பெயரும் இருக்கிறதே என்று மாதேவியார் கேட்டருளிய திருமுகம் வந்து சேர்ந்தது. தீர்ப்பு முரசு அறையும்போது வென்ற கட்சியின் வழக்குக்கோல் எவர் கையில் உள்ளதோ அவர் பெயரே தூணேறும் என்பது மரபு. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறார் வழக்குநாயகர். தம்மைப் பற்றிய இடங்களையும் பிறன் ஒருவனைப் பற்றி எழுதுவதுபோலவே எழுதுகிறார்.

நாணற்கழியில் நிலத்தடி எண்ணெயாகிய நிலநெய் எடுக்கப் புதிதாக ஏழு துளைகள் இடுவதற்கு நிலநெய்க் குழுவார் சுரங்க அதிகாரியிடம் இசைவோலை பெற்றிருந்தனர். அதைத் தள்ளும்படி கழிக்குடிகள் மன்றம் ஏறினர். அவர்கள் சார்பில் வழக்குநாயகர் பதினொரு அமர்வு வாதாடினார். துளைவாயில் எழும் புகையைச் சொன்னார். பழைய துளைகளால் கழியில் படர்ந்த நெய்யையும் செத்து மிதந்த இறாலையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இசைவோலையில் ஒரு மூடியோ வேலியோ பதிலாக எழுதப்பட்டிருந்தது.

பன்னிரண்டாம் அமர்வுக்கு முந்திய நாள், கோட்டை விளக்குகளில் கரி வழிக்கும் கொற்றி என்பவளைக் குடிகள் அவரிடம் அழைத்து வந்தனர். அவள் கழியில் பிறந்தவள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறார்:

"ஐயா, கெணத்து வாயில கிளம்புற பொகைய மட்டுமே பேசுறீங்களே. எடுக்குற எண்ணெய அவுக குடிக்கவா போறாக? எரிக்கத்தானே போறாக? அந்தப் பொகைய ஓலையில எங்க எழுதியிருக்காக?"

கூட வந்த பரதவர் ஒருவர், "பதினோரு நாளு தொண்ட வறளப் பேசுனீகளே நாயகரே, இத ஒரு வரியில முடிச்சிருக்கலாமே!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தனர். வழக்குநாயகர் சிரிக்கவில்லை. இசைவோலையை மும்முறை புரட்டினார். அந்தப் புகை எங்கும் இல்லை. முப்பது ஆண்டு நீதிநூல் கற்ற கண்ணுக்குத் தப்பியது இந்தக் கரி அப்பிய முகத்தின் கண்ணில் எப்படிப் பட்டது என்று அவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவ்வாதத்தைத் தம் வாதமாகவே உரைத்தார். கொற்றியின் பெயரைச் சொல்லவில்லை. நீதியரசர் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். குழுவாரின் வழக்குரைஞர் மருதாண்டார் எழுந்து, எங்கோ எரியும் எண்ணெயின் புகை காற்றோடு போவது, அளக்க இயலாததை ஓலையில் எழுதுவது எங்ஙனம் என்றார். அளக்க இயலுமா என்று நீதியரசர் வழக்குநாயகரைக் கேட்டனர். அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் பின்வரிசையில் நின்றாள். கட்சிக்கு ஒரு கோல்; தம் கட்சியின் கோல் கையில் இன்றி அங்கே எவரும் வாய் திறத்தல் ஆகாது. மற்றோர் அமர்வு வேண்டினார். துளையிடும் பணி நாளையே தொடங்க இசைவு உள்ளதால் தீர்ப்பு இன்றே என்றனர்.

கோலைக் கொடுத்தால் பெயர் போகும், கொடாவிட்டால் கழி போகும். கொற்றியிடம் கொடுத்தார், ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கொடுத்தார்.

"கொலுமண்டபத்துல ஒரு நாளைக்கு நாப்பது நாழி எண்ணெய் எரியுது சாமி. செவுத்துல நான் வழிக்கிறது ஒரு செரட்டக் கரி. ஒட்டாதது மூக்குலயும் வானத்துலயும் போகுது. இருபது வருசமா வழிக்கிறேன், அளவு மாறல. ஏழு கெணத்து எண்ணெய்க்கு எத்தன செரட்டைன்னு எழுத ஓலையில எடமில்லாமப் போச்சா?"

"சிரட்டை அளவு மன்றத்துக்கு ஆகுமோ?" என்றார் மருதாண்டார்.

"ஆகாதுன்னா நீங்க வேற அளவு கொண்டாங்க. அளக்கவே முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

மன்றம் அதிரச் சிரித்தது. நீதியரசர் தம்முள் கலந்தனர். எண்ணெய் எரியும் இடத்துப் புகையையும் எண்ணிப் பாராமல் தந்த இசைவோலை செல்லாது என்றனர்.

இனி எழுதுவது எவரும் கேளாதது. தீர்ப்புரைக்கும் முரசறைதலுக்கும் இடைப்பட்ட நொடியில், குடிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றபோது, வழக்குநாயகர் கொற்றியின் அருகே சென்று, "கொடம்மா, கனக்கும்" என்று கை நீட்டினார். மரபு அறியாத அவள், "இந்தாங்கய்யா, எனக்கெதுக்கு இது" என்று கொடுத்துவிட்டாள். முரசு முழங்கியது. மன்ற எழுத்தர் கோலைப் பார்த்தார். ஏட்டில் அடைக்கலங்காத்தான் என்று எழுதினார்.

ஏட்டின்படி தூண் வழக்குநாயகருடையது. அவர் வாய் மூடியிருந்தால் போதும். மூடியே இருந்தார், மாதேவியாரின் திருமுகம் வரும்வரை. கொற்றி பெயருக்குக் கீழே தம் பெயரையும் சிறிதாக வெட்டலாமா என்று கேட்டு முதலில் ஓர் ஓலை எழுதி, அதைக் கிழித்த பின்னரே இதை எழுதுகிறார். பொறாமை தீர்ந்ததென்று மாதேவியார் எண்ணியருள வேண்டா. அந்தத் தூணைக் கடக்கும்தோறும் அவருக்கு வயிறு எரியும்.

அறமன்றத்து மீன்கொத்தி முத்திரை இதற்குச் சான்று. மாதேவியார் ஒப்புவாராயின், கல்தச்சருக்கு இதுவே ஆணையாகுக: ஏட்டில் உள்ள பெயரை விடுக. கொற்றி என்று வெட்டுக. நள்ளிரவில் உளியோடு வருபவன் வழக்குநாயகனே ஆயினும் சுரண்டி எடுக்க மாட்டாத ஆழத்தில் வெட்டுக.