அப்பா உட்காரும் ஜன்னலில் சிக்னல் இல்லை

என் மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது, இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ அதற்கு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் கடிதம்.

உன் தங்கைக்குப் புது ஆபீஸ் பிடித்திருக்கிறது, அவள் குழந்தைக்குப் பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடிக்கிறது, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்து எழுந்தபோது நீ லீவு போட்டு ஓடி வந்தாய், அதை நான் மறக்கவில்லை. இந்த ஊரில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லையென்று வேறு ஊர் டீச்சரை வீடியோவில் பிடித்துக் கொடுத்தாய், அதுவும் நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு எந்த நெட் போடுவது என்று சோபாவில் சாய்ந்தபடி லேப்டாப்பில் தேடினாய். நாட்டிலேயே வேகமானது, அளவே இல்லாத டேட்டா, மேப்பில் நம் தெரு முழுக்கக் கலர் அடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு எழுதிப் போட்டு, டவர் சிக்னலில் ஓடுகிற ஒரு ரவுட்டரையும் வைத்துவிட்டுப் போனாய். மாடியில் இருக்கிற நர்ஸ் அப்போதே, "அது வாசல்ல நல்லா எடுக்கும் தம்பி, உள்ள வந்தா செத்துடும்" என்று சொன்னாள். நீ சிரித்தாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? எதிரே எழும்பியிருக்கும் அந்தக் குளிர்பதனக் கிடங்கு உன் மேப்பில் இருந்ததா? அப்பா உட்காருகிற ஜன்னலுக்கு நேரே மலை மாதிரி நிற்கிறதே அது.

நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் அவருக்கு வகுப்பு. தனியாகத்தான் உட்காருவார். முதலில் சாயங்காலம் நான் வந்ததும் அன்றைக்குப் படித்த வார்த்தையைச் சொல்லிக் காட்டுவார், குழறினாலும் புரியும். அப்புறம் சொல்லிக் காட்டுவது நின்றது. பிறகு சாப்பாடு போதும் என்பதைக்கூடக் கையால் காட்ட ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பிரேக்கை மிதி, கிளட்சை விடாதே என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தின மனுஷன் வீட்டில் வாயே திறக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன், புதிதாக ஒன்றும் இல்லை என்றார். உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "வயசாகுதுல்லம்மா, இப்படித்தான் இருக்கும்." அந்த வார்த்தையை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

போன மாதம் அச்சகத்தில் மெஷின் படுத்துவிட்டதால் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் வகுப்பு நடக்கிறது. சத்தம் போடாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். டீச்சர் ஒரு கதவுப் படத்தைக் காட்டினாள். அப்பா கதவு என்றார். மெதுவாக, ஆனால் சுத்தமாக. என் காதால் கேட்டேன். டீச்சரோ, "சரியா வரல சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்கிறாள். மறுபடி சொன்னார், முன்னைவிட நன்றாகவே வந்தது. "பரவாயில்ல சார், இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம்." அதற்குள் அவள் படம் வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோயிற்று. அப்பா அந்த உறைந்த முகத்தையே பார்த்தார். பிறகு அவர் வாயை மூடிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது புரிகிறதா? தன் நாக்குதான் நாளுக்கு நாள் கெட்டுப்போகிறது என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாசலுக்கு ஓடி அங்கிருந்து டீச்சரைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். "அவர் குரல் எனக்குத் துண்டு துண்டாத்தான் வந்துச்சும்மா, அவருக்குத்தான் நாக்கு புரளலன்னு நினைச்சேன்" என்றாள். அடுத்து உன்னைக் கூப்பிட்டேன். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாய். அடேய், அணைத்துப் போடுவதற்கு உன் அப்பா என்ன டியூப் லைட்டா?

மறுநாளே ரவுட்டரை வயரோடு பைக்குள் போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனிக் கடைக்குப் போனேன். நானும் வருவேன் என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டின ஒரு பிள்ளை. தன் போனை நீட்டி, "பாருங்க மேடம், ஃபுல் சிக்னல்" என்றான். பேச்சுப் பயிற்சியில் இவர் குரலே டீச்சருக்குப் போகவில்லை, கடைக்குள் எடுத்தால் என் வீட்டில் எடுக்குமா என்று கேட்டேன். அவன் உன் அப்பா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ அவர் மரக்கட்டை போல என்னிடம் சொல்கிறான்: "நெட்ல குறை இல்ல மேடம். சாருக்குத்தான் பேச்சு வரலையே, அதுக்கு நாங்க என்ன பண்றது?" எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இடது கையால் மேஜையை ஓங்கித் தட்டினார். தட்டிவிட்டு, "பொய்" என்றார்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது, ஏதோ தள்ளுபடி என்று குழறினான், இப்போது அவனுக்குத்தான் நாக்கு புரளவில்லை. ரவுட்டரை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம். வழியெல்லாம் எனக்குக் கண் மறைத்தது. அப்பா மட்டும் கிளட்ச் பழகாதவன் வண்டி ஓட்டுகிற மாதிரி திக்கித் திக்கிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பிறகு நான் எந்த மேப்பையும் பார்க்கவில்லை. மாடி நர்ஸ், முக்குக் கடை முடி வெட்டுகிறவர், எங்கள் அச்சக மெஷின்மேன் என்று ஆளுக்கொரு கம்பெனி வைத்திருப்பவர்களாகப் பார்த்து, அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லி, வகுப்பு நேரத்துக்கு ஒவ்வொருவராக வரவழைத்தேன். அவர்கள் போனை அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, அதிலேயே டீச்சரோடு பேசவைத்தேன். நர்ஸுடையது பாதியில் அறுந்தது. மெஷின்மேனுடையதில் படம் அழகு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முடி வெட்டுகிறவர் வைத்திருப்பது விளம்பரமே இல்லாத ஒரு கம்பெனி, அதில் நெட் மெதுவாம், சினிமா பார்த்தால் சுற்றிக்கொண்டே இருக்குமாம். இருக்கட்டும், இங்கே யார் சினிமா பார்க்கிறார்கள்? அதில் அப்பா கதவு என்றார், டீச்சர், "கதவு! சார், கேட்டுச்சு சார்!" என்று கத்தினாள். அதையே வாங்கிவிட்டேன். மாதாமாதம் போடுவது, பிடிக்காவிட்டால் மறு மாதமே தூக்கிப் போடலாம். நீ போட்ட ஒரு வருஷத்தை நீயே அவர்களோடு பேசித் தீர்த்துக்கொள், என்னைக் கேட்காதே.

கம்பெனியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தாய் என்பதற்காக மட்டும் எனக்குக் கோபம் இல்லை, தப்பு எல்லாருக்கும் வரும். அவர் வாய் மூடிப் போனபோது, ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உனக்கு நெட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் யாரையும் கேட்காமலே முடிவு பண்ணிவிட்டாய். உன் தங்கையும் இதையேதான் சொல்கிறாள், அவளோடு சண்டைக்குப் போகாதே.

நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நூறு வயசுக்கு நன்றாக இரு. திட்டுகிற வாயாலேயே வாழ்த்துகிறேன், இரண்டும் பலிக்கட்டும். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவிடம் கொடுக்கிறேன். கொஞ்ச நேரம் உன் காதில் ஒன்றுமே விழாது. லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. லைன் நன்றாகத்தான் இருக்கும், அவர் உன் பேரைத் தேடிக்கொண்டிருப்பார். சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திரு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா